கமக்காரர் வீட்டு முற்றமும் விளக்கும்

வயலையும் தோட்டத்தையும் செவ்வையாகப் பேணும் கமக்காரர் பலர், தம் வீட்டு முற்றத்தைப் பேணுவதற்கு நேரம் ஒதுக்குவதில்லை. உழவு, நடுகை, நீர்பாய்ச்சல், அறுவடை என்பனவற்றால் களைத்து வருபவருக்கு முற்றத்தைப் பற்றிய எண்ணம் எழாதிருப்பது இயல்பே. ஆயினும், நெல் காயவிடுவதும், வெங்காயம் பிடிகட்டுவதும், மிளகாய் தரம்பிரிப்பதும், பிள்ளைகள் படிப்பதும் விளையாடுவதும் முற்றத்திலும் விறாந்தையிலுமே நடைபெறுகின்றன. கமக்காரக் குடும்பத்தின் வாழ்வில் பெரும்பகுதி கழியும் இடம் அதுவாகும்.

ஏழெட்டுப் பூச்சாடிகளும், தக்க இடங்களில் வைக்கப்பட்ட மூன்று விளக்குகளும் ஒரு சிறு வீட்டைப் பொலிவுறச் செய்யப் போதுமானவை. இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. தவறாக வைத்த சாடி நுளம்பை வளர்க்கும். பாம்புக்கு மறைவிடம் கொடுக்கும். தவறாகத் தெரிந்த விளக்கு பூச்சிகளை அழைக்கும். சிலவேளை வீட்டையே எரித்துவிடும். ஆகவே, வீட்டை அழகு செய்யும் ஒவ்வொரு பொருளும் வீட்டாரைக் காக்கவும் வேண்டும். இவ்வொரு விதியை மனத்திற்கொண்டு சாடிகளையும் விளக்குகளையும் தெரிந்து வைக்கும் முறை இங்கு விளக்கப்படுகிறது.

இடத்தை நோக்குதல்

செடி வாங்குவதற்கு முன் இடத்தை நோக்குதல் வேண்டும். காலை எட்டு மணிக்கும், நண்பகலிலும், மாலை நான்கு மணிக்கும் முற்றத்தில் வெயில் எங்கே விழுகிறது என்பதை ஒரு நாள் கவனித்தால் போதும். ஆறு மணித்தியாலத்துக்கு மேல் வெயில் படும் இடம், காலை வெயில் மட்டும் படும் இடம், வெயில் படாது வெளிச்சம் மட்டும் உள்ள இடம் என மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். விறாந்தையின் உட்புறம் பெரும்பாலும் மூன்றாவது வகையைச் சேர்ந்தது.

காற்றையும் நோக்குதல் அவசியமாகும். வைகாசி முதல் ஆவணி வரை வீசும் சோளகக் காற்று வட பகுதியில் சாடி மண்ணை விரைவில் உலர்த்திவிடும். தென்மேற்குப் பக்கம் திறந்துள்ள முற்றங்களில் சாடிகளை வேலியின் அல்லது சுவரின் மறைவில் வைத்தல் நன்று.

மூன்றாவதாக, இரவில் வீட்டார் நடக்கும் வழியைக் குறித்துக்கொள்ள வேண்டும். படலையிலிருந்து படிக்கட்டு, பின்வாசலிலிருந்து கிணற்றடி, மலசலகூடம், மாட்டுக் கொட்டில் என்பன அவ்வழிகளாகும். இவ்வழிகளில் சாடி வைத்தலாகாது. விளக்கு வேண்டியது இவ்வழிகளுக்கே.

சாடியும் மண்ணும்

சுட்ட மண்சாடியே செடிக்கு மிக ஏற்றது. அதன் சுவரினூடாகக் காற்றும் ஈரமும் செல்வதால் வேர் அழுகுதல் குறைவு. ஆனால் மண் விரைவில் உலரும். சீமெந்துச் சாடி நெடுநாள் உழைக்கும். புதிய சீமெந்துச் சாடியில் சுண்ணத்தன்மை மிகுந்திருப்பதால், அதை ஒரு கிழமை வரை நீரில் ஊறவைத்து, நீரை இடையிடையே மாற்றியபின் உபயோகிக்கவேண்டும். தகரப் பேணிகள் வெயிலிற் சூடேறி வேரைக் கருக்கும். பழைய ரயர்களில் நீர் தேங்குமாதலால் அவற்றைத் தவிர்த்தல் நன்று. கிருமிநாசினி, களைநாசினி இருந்த வெறும் கலன்களை எவ்வளவு கழுவினாலும் செடி நடுவதற்கு உபயோகித்தலாகாது.

குரோட்டன், செவ்வரத்தை போன்ற பற்றைச் செடிகளுக்குப் பன்னிரண்டு அங்குல விட்டமுள்ள சாடியும், சிறு பூஞ்செடிகளுக்கும் கீரைகளுக்கும் எட்டு அங்குலச் சாடியும் போதுமானவை. ஒவ்வொரு சாடியின் அடியிலும் துளை இருத்தல் அவசியம். துளையின்மேல் ஓட்டுத் துண்டொன்றைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் மண்கலவையை நிரப்பவேண்டும். விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் வெறுமையாக விட்டால் நீரூற்ற வசதியாயிருக்கும்.

மேல்மண் ஒரு பங்கு, நன்கு உக்கிய கூட்டெரு அல்லது மாட்டெரு ஒரு பங்கு, ஆற்றுமணல் அல்லது தும்புத்தூள் ஒரு பங்கு சேர்ந்த கலவை பெரும்பாலான செடிகளுக்கு ஏற்றது. நெற்செய்கை செய்வோரிடம் உமி உண்டு. அதைச் சாம்பலாக்காது கருகும்வரை மட்டும் எரித்து, மணலின் பாதியளவுக்குப் பதிலாகச் சேர்த்தால் சாடி பாரம் குறையும், மண் இறுகாது. வயலுக்கு இட்டு மிஞ்சிய யூரியாவைக் கைப்பிடியாகச் சாடிக்கு இடும் வழக்கம் சிலரிடம் உண்டு. சாடியிலுள்ள சிறிதளவு மண்ணில் அது வேரைக் கருக்கிவிடும். மாதம் ஒருமுறை ஒரு கைப்பிடி கூட்டெரு இடுதல் போதும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்றுநீரையே ஊற்றவேண்டியிருப்பதால், நாளடைவில் சாடியின் விளிம்பில் வெள்ளைப் பொருக்கு படியும். வெட்சி போன்ற செடிகளின் இளம் இலைகள் மஞ்சளாவதற்கும் இச்சுண்ணத்தன்மையே பெரும்பாலும் காரணமாகும். சேர்த்து வைத்த மழைநீரை இடையிடையே தாராளமாக ஊற்றினால் படிந்த உப்பு கழுவப்பட்டுத் துளைவழியே வெளியேறும்.

செடிகளைத் தெரிதல்

நல்ல வெயில் படும் இடத்துக்குப் போகன்வில்லா, செவ்வரத்தை, நித்தியகல்யாணி, சீனியா, கோழிக்கொண்டை என்பன ஏற்றவை. காலை வெயில் மட்டும் படும் இடத்தில் குரோட்டன் நல்ல நிறத்துடன் வளரும். விறாந்தையின் நிழலுக்குப் பன்னங்கள், பிகோனியா, அந்தூரியம் என்பன பொருந்தும். மருள் நிழலையும் வெயிலையும் நீர்க்குறைவையும் தாங்கும். அறுவடைக் காலத்தில் நீரூற்ற மறந்தாலும் அது சாவதில்லை.

அழகுக்கு வைக்கும் சாடிகளிற் சில சமையலுக்கும் உதவுதல் நன்று. வல்லாரையை அகன்ற சாடியில் ஈரமான நிழலில் வளர்த்தால் அதன் வட்ட இலைகள் விளிம்பைத் தாண்டிப் படர்ந்து அழகு தரும். கறிவேப்பிலை, துளசி, கற்பூரவள்ளி, இஞ்சி என்பனவும் சாடியில் நன்கு வளரும்.

தவிர்க்கவேண்டிய செடிகளும் உள. அலரியின் எல்லாப் பகுதிகளும் நஞ்சுடையவை. சிறு பிள்ளைகளும் ஆடுமாடுகளும் நடமாடும் முற்றத்தில் அதை வைத்தலாகாது. டிபன்பாக்கியாவின் தண்டையோ இலையையோ பிள்ளைகள் கடித்தால் வாயும் நாவும் வீங்கும். முள்ளுள்ள போகன்வில்லாவைப் படிக்கட்டுக்கு அருகில் வையாது வேலியோரமாக வைத்தல் வேண்டும்.

நீர் தேங்காமை

இலங்கையில் 2017ஆம் ஆண்டில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாயினர். இந்நோயைப் பரப்பும் நுளம்பு வயல்நீரில் வளர்வதன்று. வீட்டைச் சூழ்ந்த சிறு கலன்களில் தேங்கும் தெளிந்த நீரையே அது நாடுகின்றது. சாடியின் கீழ் வைக்கும் தட்டும், நீர்ப்போத்தலில் வளர்க்கும் மணிப்பிளாண்டும் அதற்குப் போதும். முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக மாறுவதற்கு ஏழு முதல் பத்து நாட்கள் வரை செல்லும். ஆதலால், கிழமைக்கு ஒருமுறை தவறாது நீரை அகற்றுபவர் வீட்டில் அது வளர முடியாது.

நீரைக் கொட்டுவது மட்டும் போதாது. நுளம்பு தன் முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கலனின் சுவரில் ஒட்டி வைக்கின்றது. உலர்ந்த நிலையிலும் அம்முட்டைகள் பல மாதங்கள் உயிருடனிருந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். எனவே தட்டை ஒரு தும்புக்கட்டையால் உரைஞ்சிக் கழுவுதல் வேண்டும். தட்டில் விளிம்புவரை மணல் நிரப்புதல் இலகுவான வழியாகும். தட்டே இல்லாமல், இரு செங்கற்களின்மேல் சாடியை உயர்த்தி வைத்தல் இன்னும் சிறந்தது. மணிப்பிளாண்டை மண்ணில் நடுதல் வேண்டும்.

2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்கும் சட்டத்தின்படி, தம் வளவில் நுளம்பு பெருகாது பார்த்துக்கொள்வது வளவுக்குரியோரின் கடமையாகும். சட்டத்துக்கு அஞ்சி அன்றி, தம் பிள்ளைகளையும் அயலாரின் பிள்ளைகளையும் எண்ணி இதைச் செய்தல் வேண்டும்.

சாடிகளை உயர்த்தி வைப்பதால் மற்றொரு நன்மையும் உண்டு. நெருக்கமாக நிலத்தில் அடுக்கிய சாடிகளின் இடுக்குகளில் ஈரமும் தவளையும் எலியும் சேரும். அவற்றைத் தேடிப் பாம்பு வரும். எட்டடி விரியன் இரவில் நடமாடி, நிலத்திற் படுத்துறங்குவோரைக் கடிப்பதுண்டு. ஆகையால், விறாந்தையிற் பாய் விரித்துப் படுக்கும் வழக்கமுள்ள வீடுகளில், படுக்கும் இடத்துக்கு அருகே சாடிகளை வைத்தலாகாது. சாடிக்கும் சாடிக்கும் இடையே ஒரு தும்புத்தடி நுழையுமளவு வெளி விட்டு, நாள்தோறும் கூட்டுதல் நன்று.

முற்றத்துப் பூச்சி தோட்டத்துக்கும் பகையாகும்

முற்றத்துச் செடிக்கும் தோட்டத்துப் பயிருக்கும் நோய்பீடைகள் பொதுவானவை. பஞ்சுபோல் வெண்மையாகப் படியும் பப்பாசி மாவுப்பூச்சி 2008ஆம் ஆண்டில் இலங்கையிற் கண்டறியப்பட்டது. அது பப்பாசியில் மட்டுமன்றிச் செவ்வரத்தையிலும் மரவள்ளியிலும் பெருகும். வெண்ஈக்கள் சாடியிலுள்ள செடிகளில் தங்கி, மிளகாய்க்கும் தக்காளிக்கும் இலைச்சுருளல் நோயைக் கொண்டுசெல்லக்கூடும். ஆகவே புதிதாக வாங்கிய செடியை இரு கிழமைகள் தனியே வைத்து, இலையின் கீழ்ப்புறத்தைப் பார்த்த பின்னரே மற்றச் செடிகளோடு சேர்க்கவேண்டும். சிறிதளவு பூச்சி காணப்பட்டால் அக்கிளையை வெட்டி அழித்து, எஞ்சிய பகுதியைச் சவர்க்கார நீரால் கழுவினாற் போதும். வயலுக்கு வாங்கிய கிருமிநாசினியை விறாந்தையில் தெளித்தல் ஒருபோதும் ஆகாது.

விளக்கைத் தெரிதல்

விளக்கைத் தெரியும்போது செலவு, நிறம், காப்பு என்னும் மூன்றையும் நோக்கவேண்டும்.

செலவு: பழைய 60 வாற்று இழைக்குமிழ் ஒன்று நாளுக்கு ஐந்து மணித்தியாலம் எரிந்தால், முப்பது நாட்களில் 9 அலகு மின்சாரம் செலவாகும். ஏறத்தாழ அதே வெளிச்சத்தைத் தரும் 9 வாற்று எல்.ஈ.டீ. மின்குமிழுக்கு 1.35 அலகே செலவாகும். நடைவழிக்கு 3 வாற்றுக் குமிழ் போதும்.

நிறம்: மின்குமிழின் பெட்டியில் 2700, 3000, 6500 என்றவாறு கெல்வின் அளவு குறிக்கப்பட்டிருக்கும். 6500 என்பது நீலங்கலந்த வெண்ணிறம். 2700 முதல் 3000 வரை மஞ்சள் கலந்த இதமான நிறம். விறாந்தைக்கும் முற்றத்துக்கும் மஞ்சள் கலந்த ஒளியே ஏற்றது. அது கண்ணுக்கு இனிமையாயிருப்பதோடு, பூச்சிகளையும் குறைவாகவே இழுக்கும். பெரும்பாலான இரவுப் பூச்சிகள் நீல ஒளியையும் ஊதாக்கடந்த ஒளியையும் நாடுவனவாகும். பிள்ளைகள் படிக்கும் மேசைக்குத் தனியே ஒரு விளக்கு வைத்து, அதற்கு வெண்ணிறக் குமிழ் போடலாம்.

இது கமக்காரர் சிறப்பாகக் கவனிக்கவேண்டிய விடயமாகும். நெல்லைத் தாக்கும் தண்டு துளைப்பானின் அந்துப்பூச்சியும், கபில நிறத் தத்தியும் ஒளியை நாடி வருபவை. வயலோர வீட்டில், வயலை நோக்கிய வெண்ணிற விளக்கு இரவு முழுவதும் எரிந்தால் அவை வீட்டைச் சூழும். நெல்வயலில் வாழும் செம்மஞ்சளும் கறுப்புமான ஒரு மெல்லிய சிறு வண்டும் அவற்றோடு வரும். அது தத்திகளைத் தின்று கமக்காரருக்கு நன்மை செய்வது. ஆனால் உடம்பில் வைத்து நசுக்கினால் அதன் நீர் பட்ட இடம் எரிந்து கொப்பளிக்கும். அதை நசுக்காது ஊதி அகற்றி, தோலைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும். விளக்கை மூடியிட்டுக் கீழ்நோக்கி ஒளி விழுமாறு பொருத்துவதாலும், படுக்கைக்குப் போகுமுன் அணைப்பதாலும் இத்தொல்லை பெரிதும் குறையும்.

செடிகளுக்கும் இரவு வேண்டும். செவ்வந்தி, நீண்ட இரவு கிடைத்தாற் பூக்கும் செடியாகும். இரவில் விளக்கின் கீழ் வைத்தால் அது இலையாக வளருமேயன்றி மொட்டுவிடாது. செவ்வந்தி பூக்கவில்லை என்று உரத்தை மாற்றுவோர், சாடியை விளக்கிலிருந்து அப்பால் நகர்த்திப் பார்த்தல் நன்று.

காப்பு: மழைச்சாரல் படும் இடத்துக்கு ஐ.பி. 44, முழு மழையில் நனையும் இடத்துக்கு ஐ.பி. 65 என்னும் குறியுள்ள விளக்கே வாங்கவேண்டும். வீட்டு மின்பலகையில் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் இருத்தல் அவசியம். அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கவேண்டும். சன்னலால் இழுத்த வயரை மரத்திலும் வேலியிலும் கட்டி விளக்கு எரித்தல் உயிருக்கு ஆபத்தாகும். கிணற்றடி விளக்கை மின்னியலாளர் ஒருவரைக் கொண்டே பொருத்தவேண்டும். வயர் இழுக்க வசதியில்லாத இடங்களுக்குச் சூரிய விளக்கு ஏற்றது. அதன் தட்டு வெயிலை நோக்கியிருப்பதோடு, கிழமைக்கு ஒருமுறை தூசி துடைக்கப்படவும் வேண்டும்.

போத்தல் விளக்கின் ஆபத்து

2022ஆம் ஆண்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு ஏற்பட்ட நாட்களும் இருந்தன. மின்சாரம் உள்ள வீட்டிலும் மாற்று விளக்கு ஒன்று வேண்டும் என்பதை அந்நாட்கள் உணர்த்தின. அம்மாற்று விளக்கு, வெறும் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரியிட்ட விளக்காக இருத்தலாகாது. அது உயரமானது, பாரமற்றது. பூனை தட்டினாலும் விழும். விழுந்ததும் உருளும், திரிமூடி கழன்று எண்ணெய் சிந்தித் தீப்பற்றும். இலங்கையில் ஏழை வீடுகளின் பெண்களும் பிள்ளைகளுமே இவ்விளக்குகளால் பெரிதும் எரிகாயமடைந்தனர்.

இக்காயங்களுக்குச் சிகிச்சையளித்து வந்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர அவர்கள், 1990களில் பாதுகாப்பான விளக்கு ஒன்றை அமைத்தார். அது குட்டையானது, தடித்த கண்ணாடியாலானது, உருளாதபடி இரு பக்கங்கள் தட்டையானவை, மூடி திருகி இறுக்கப்படும். இப்பணிக்காக 1998ஆம் ஆண்டில் அவருக்கு ரோலெக்ஸ் விருது வழங்கப்பட்டது. மண்ணெண்ணெய் விளக்கு வேண்டியவர்கள் இவ்வகை விளக்கையோ, சிமினியும் கம்பிக்கூடும் உள்ள அரிக்கன் விளக்கையோ தெரிதல் வேண்டும். மின்கலம் ஏற்றிவைக்கும் எல்.ஈ.டீ. விளக்கு இவற்றிலும் சிறந்தது.

எரியும் விளக்கில் எண்ணெய் ஊற்றலாகாது. நுளம்பு வலைக்கு அருகிலும், உலர்ந்த தென்னோலைத் தட்டிக்கு அருகிலும் விளக்கை வைத்தலாகாது. மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைத்தால் தாகமெடுத்த பிள்ளை எடுத்துக் குடித்துவிடும். எரிகாயம் ஏற்பட்டால், காயத்தின்மேல் குளிர்ந்த நீரை இருபது நிமிடம் தொடர்ந்து ஊற்றி, துப்புரவான துணியால் மூடி, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். எண்ணெய், பற்பசை முதலியன பூசலாகாது.

ஒரு மாதிரி அமைப்பு

கிழக்கு நோக்கிய ஓட்டு வீடொன்றை எடுத்துக்கொள்வோம். விறாந்தையின் நீளம் இருபது அடி, அகலம் ஆறு அடி, நடுவிற் படிக்கட்டு. படிக்கட்டின் இருபுறமும், நடைவழியை மறையாதவாறு, பன்னிரண்டு அங்குலக் குரோட்டன் சாடிகள் இரண்டு வைக்கலாம். காலை வெயில் அவற்றின் நிறத்தை எடுத்துக்காட்டும். விறாந்தையின் வடக்கு ஓரத்தில் செங்கல்லின்மேல் பன்னமும் அந்தூரியமும். தெற்கு ஓரம் படுக்கைக்கு வெறுமையாக விடப்படும். பின்வாசலில், அடுப்படிக்குக் கைக்கெட்டும் தூரத்தில், வல்லாரை, துளசி, கற்பூரவள்ளி, கறிவேப்பிலைச் சாடிகள் நான்கு.

விளக்குகள் மூன்று. முதலாவது, விறாந்தைக் கூரையின் நடுவில் மூடியிட்ட 7 வாற்று மஞ்சள் ஒளி விளக்கு. அது படிக்கட்டையும் இரு குரோட்டன்களையும் காட்டும். இரண்டாவது, படலையடியில் ஒரு சிறு சூரிய விளக்கு. மூன்றாவது, பின்வாசலிலுள்ள ஆளியால் எரிக்கக்கூடிய கிணற்றடி விளக்கு. இரவில் வெளியே காலடி வைக்குமுன் வழி முழுவதும் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதே இவ்வமைப்பின் நோக்கம்.

ஆண்டு ஒழுங்கு

மாசி, பங்குனி: பெரும்போக அறுவடை முடிந்தபின் உமி கருக்கிப் புதிய மண்கலவை தயாரித்தல், வேர் நெருங்கிய செடிகளைச் சாடி மாற்றுதல்.

வைகாசி முதல் ஆவணி வரை: காலையில் நீரூற்றுதல், சாடிகளைக் காற்று மறைவுக்கு நகர்த்துதல், மண்ணின்மேல் சருகு பரப்புதல்.

புரட்டாதி: மழைக்கு முன் கூரைப் பீலிகளைத் துப்புரவாக்குதல், வயர்களையும் ட்ரிப் சுவிச்சையும் சோதித்தல், மாற்று விளக்கைத் தயாராக்குதல்.

ஐப்பசி முதல் தை வரை: வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போதே சாடித் தட்டுகளையும் உரைஞ்சிக் கழுவுதல், வெறும் சாடிகளைக் கவிழ்த்து வைத்தல்.

கவனத்திற் கொள்ளவேண்டியவை

1. சாடி செங்கல்லின்மேல், தட்டில் நீர் இன்றி.
2. வெயிலுக்கேற்ற செடி, செடிக்கேற்ற சாடி.
3. படுக்கும் இடத்துக்கும் நடக்கும் வழிக்கும் அருகிற் சாடி வேண்டாம்.
4. மஞ்சள் கலந்த ஒளி, கீழ்நோக்கிய மூடி, வயலுக்குப் புறங்காட்டிய விளக்கு.
5. போத்தல் விளக்கை வீட்டிலிருந்து அகற்றுக.

இவற்றை ஒரே நாளிற் செய்யவேண்டியதில்லை. இம்மாதம் இரு சாடியும், அடுத்த மாதம் ஒரு விளக்குமாகத் தொடங்கலாம். செடி வகைகள், பீடைகள் பற்றிய ஐயங்களுக்குத் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகலாம். மாலையில் வயலிலிருந்து திரும்பும் கமக்காரருக்குத் தூரத்திலேயே தம் வீட்டு விளக்கும், அதன் கீழ்ப் படிக்கட்டும், படிக்கட்டின் இருமருங்கும் செழித்த செடிகளும் தெரியுமாயின், அவ்வீடு பொலிவும் காப்பும் ஒருங்கே பெற்ற வீடாகும்.